தொட்டிக்குள் போன துவக்கு

2009இல் உலகத்துப் பணக்காரர்கள் கொஞ்சக்காலம் கைக்கடிகாரம் வாங்காமல் இருந்தார்கள். அதனால் நான் மாட்டுக்காரன் ஆனேன். இடையில் நடந்தது அதிகமில்லை. லா ஷோ-து-ஃபோன் என்ற நகரத்தில் கடிகாரப் பெட்டிகளுக்கு மினுக்கம் போடும் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசியாக வந்தவர்கள் முதலில் போகவேண்டும் என்றார்கள். நான் கடைசியாக வந்தவன் இல்லை, ஆனால் எல்லோரையும்விட மெதுவாக மினுக்குகிறவன். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் இருந்த பெண், மிருகங்களோடு பழக்கம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். சின்ன வயதில் ஓர் ஆடு என்னை வேலியோடு வைத்து முட்டியிருக்கிறது. முட்டுவதற்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரியாததால் அந்த விளக்கத்தை அவருக்குச் சொல்லவில்லை.

பண்ணை நகரத்துக்கு மேலே மலைமுதுகில் இருந்தது. சிவப்பு மலைரயில் காட்டுக்குள்ளாலும் புல்வெளிக்குள்ளாலும் நெளிந்து போய், பொத்தானை அமத்தினால் மட்டும் நிற்கிற ஒரு தரிப்பிடத்தில் நிற்கும். அங்கிருந்து வெள்ளைக்கல் பாதை. அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. அகன்ற ஒரு கூரை. அதற்குக் கீழே முன்பக்கம் மனிதர், பின்பக்கம் மாடு, மேலே வைக்கோல். எங்களுக்கு மேல்மாடியில் இரண்டு அறை தந்தார்கள். என் மனைவி நகரத்தில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தாள். முதல் நாள் வந்து நின்று மூக்கால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "மாடு இருக்கிறது பின்பக்கம் எண்டு சொன்னவை. மூக்குக்கு அது தெரியேல்லையப்பா" என்றாள்.

பண்ணைக்காரர் என்னைவிடச் சில வயது மூத்தவர். எல்லோரும் அவரைப் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி என்று பொருள். பிள்ளைகள் இல்லை. அவருடைய மனைவியை நாங்கள் மதாம் என்போம். வீட்டில் பேசவேண்டிய பேச்சு முழுவதையும் மதாம் பேசிவிடுவதால் பத்ரோன் சொற்களைச் சேமித்து வைத்திருந்தார். அவர்கள் பேசிய பிரெஞ்சை இங்கே எங்கள் தமிழில்தான் எழுதுகிறேன். அவர் கோபிக்கமாட்டார். நான் பேசிய பிரெஞ்சைவிட அவருக்குத் தமிழ் நன்றாகவே வந்திருக்கும்.

அந்தத் துவக்கைக் கண்டது முதல் வாரத்தில். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் கோட்டு கொழுவுகிற கொளுக்கிகள் வரிசையாக இருந்தன. மதாமின் கம்பளிச் சட்டை, பத்ரோனின் பச்சை மழைக்கோட்டு, அதற்கடுத்து ஒரு துவக்கு, அதற்கடுத்து நாயின் கழுத்துப்பட்டி.

"என்ன அது?" என்று கேட்டேன்.

"துவக்கு."

"என்னத்துக்கு?"

"சுடுறதுக்கு."

"ஆரை?"

பத்ரோன் கோப்பியைக் குடித்து முடித்தார். "வட்டத்தை" என்றார்.

இந்த நாட்டில் இராணுவச் சேவை முடித்தவர்கள் விரும்பினால் தங்கள் துவக்கை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்பது எனக்குக் கேள்வி ஞானமாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அதன் நிழலில் நின்று சப்பாத்துக் கழற்றுவது வேறு. ஞாயிற்றுக்கிழமை அவர் அதை முதுகில் கொழுவிக்கொண்டு ரயில் ஏறிச் சுடுகளத்துக்குப் போவார். ஒருநாள் நானும் அதே பெட்டியில் இருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவி ஏறினார். துவக்கைப் பார்த்தார், பத்ரோனைப் பார்த்தார், தன் கையிலிருந்த கேக் தட்டை அவரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் பிடியும், நான் கண்ணாடி தேடோணும்" என்றார். நாங்கள் பிறந்த ஊரில் துவக்கோடு ஒருவர் பஸ்ஸில் ஏறினால் பஸ்ஸில் ஓட்டுநர்கூட மிஞ்சமாட்டார்.

பத்ரோன் என்னையும் சுடுகளத்துக்கு வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கு வழியில்லை. எங்கள் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று ஒரு விதி உண்டு. இன்னும் சில நாட்டுக்காரருக்கும் அப்படித்தான். எனக்கு அதில் மனக்குறை எதுவும் இருக்கவில்லை. நான் சுத்தியலைத் தூக்கினாலே மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆனால் அந்த விதியை நான் மிகவும் கவனமாக மனதில் வைத்திருந்தேன். எவ்வளவு கவனமாக என்றால், துவக்குக்குப் பக்கத்துக் கொளுக்கியில் என் கோட்டைக்கூடக் கொழுவுவதில்லை. கோட்டுக்கும் துவக்குக்கும் தொடர்பு என்று யாராவது சொல்லிவிட்டால்?

அந்த 'யாராவது' அடிக்கடி வீட்டுக்கு வருகிறவர். ஊர்ப் பொலிஸ்காரர். கொழுத்த மனிதர், சிவந்த கன்னம், எப்போதும் யாரையோ பகிடி பண்ணிவிட்டு வந்தவர் மாதிரியான முகம். பத்ரோனோடு சேர்ந்து சுடுகிறவர். வாரத்தில் ஒருமுறையாவது வந்து, துவக்குக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, கோப்பியும் மதாமின் பேச்சும் அருந்திவிட்டுப் போவார். அவருடைய காரின் மூக்கு வளைவில் தெரிந்தவுடன் நான் கொட்டிலுக்குள் போய் மாடுகளை எண்ணத் தொடங்குவேன். ஒருநாள் அவர் கொட்டில் வாசலில் வந்து நின்று, "எத்தினை மாடு?" என்று கேட்டார். எண்ணிக்கொண்டிருந்தவனுக்குப் பதில் தெரியவில்லை. "பரவாயில்லை, நான் வராத நாளில எண்ணும்" என்றார்.

இரண்டு குளிர்காலம் போயிற்று. நான் ஓரளவு மாட்டுக்காரன் ஆகியிருந்தேன். பால் கறக்கிற இயந்திரத்தை மாட்டின் சரியான பக்கத்தில் பொருத்தப் பழகியிருந்தேன். பிரெஞ்சு போதாததால் மாடுகளோடு தமிழில்தான் பேசுவேன். முதலில் அவை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது. பிறகு பழகிவிட்டன. "தள்ளு மோளே" என்றால் தள்ளும். "எழும்பு மோளே" என்றால் எழும்பும். மதாம் இதைப் பார்த்துவிட்டு, இவை இனி ஊர்ச் சந்தையில் விலைபோகாது என்றார்.

அது பகிடியாகத்தான் சொன்னது. ஆனால் விற்கிற கதை உண்மையாகவே வந்தது.

பத்ரோனுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. சத்திரசிகிச்சை செய்து புது மூட்டு வைக்கவேண்டும், மருத்துவமனையில் வாரக்கணக்கில் தங்கி நடக்கப் பழகவேண்டும், கோடை முடிகிறவரை அவர் கொட்டில் பக்கம் வரக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மதாமின் தம்பி, மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விற்கிற வியாபாரி. அவர் வந்து சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றி இருந்துகொண்டு, "அத்தான், பட்டியை இப்ப தந்தால் நல்ல விலைக்குப் போகும். ஆர் பாக்கிறது இதை? இவரோ?" என்று என் பக்கம் நாடியைக் காட்டினார். நான் அப்போது வாளியில் காலை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நின்றேன். ஆகவே அவரைக் குறை சொல்ல முடியாது.

பத்ரோன் என்னையும் வாளியையும் பார்த்தார்.

"இவர் பாப்பார்" என்றார். "நான் திரும்பி வரேக்கை எல்லாம் நிண்ட மாதிரி நிண்டால், மாடு நிக்கும். ஏதும் பிழைச்சால் நீ ஏத்து."

அவ்வளவுதான் பேச்சு. மாடு போனால் பண்ணையில் எனக்கு வேலை இல்லை, வேலை போனால் மேல்மாடி இரண்டு அறையும் போகும் என்று அவர் சொல்லவில்லை. அதை மனைவி மேலே வந்து சொன்னாள். "வாளிக்குள்ள கால் வைக்கிறதை இனியாவது விடுங்கோப்பா" என்றாள்.

மச்சான்காரர் போகும்போது கொட்டிலுக்குள் ஒரு நடை நடந்து, ஒரு நாகின் முதுகில் தட்டினார். முதல் சினையாக இருந்த இளம் பசு. சிவப்பு உடம்பு, வெள்ளை முகம், பட்டியிலேயே வடிவானது. பத்ரோன் அதைக் கன்றிலிருந்து வளர்த்தவர். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதன் பெயரும் பத்ரோனின் மாமியாரின் பெயரும் ஒன்று. மச்சான்காரர் அதன் முதுகில் கையை வைத்தபடியே, "இதைத்தான் முதல்ல ஏத்துவன்" என்றார்.

பத்ரோன் மருத்துவமனைக்குப் போனார். மதாம் பகலில் அங்கே போய்விடுவார். நாய் அவரோடு காரில் ஏறிக்கொள்ளும். என் மனைவி காலையிலேயே ரயிலுக்கு ஓடிவிடுவாள். அந்த மலைமுதுகில் நானும் மாடுகளும் துவக்கும் மிஞ்சினோம்.

சில வாரங்கள் நன்றாகவே போயிற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாகப் போனவற்றில் எனக்கு அனுபவமும் குறைவு. பிறகு மூடுபனி விழுந்த ஒரு காலையில் நாகைக் காணவில்லை.

அந்த மலை முழுவதும் சுண்ணாம்புக்கல். மழை விழுந்தால் தண்ணீர் நிற்காது, கல் குடித்துவிடும். குடித்துக் குடித்து உள்ளே பொந்தாகி, எங்காவது நிலம் திடீரென்று புனல் மாதிரி உள்ளே இறங்கியிருக்கும். அப்படி ஒரு குழி மேய்ச்சல் நிலத்தின் மேல்மூலையில், பெரிய ஊசிமரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுற்றிவரப் பழைய வேலி. வேலியில் ஒரு கட்டை சரிந்திருந்தது. குழிக்கு மேலே நின்று பார்த்தேன். அடியில் சேற்றுக்குள் நாகு கிடந்தது. முன்கால் ஒன்று உடம்புக்குக் கீழே மடிந்து கிடந்தது. என்னைக் கண்டதும் கத்தியது. எழும்பவில்லை.

மருத்துவமனையில் இருந்த பத்ரோனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நாகு குழிக்குள்ள விழுந்திட்டுது" என்றேன்.

"எந்தக் குழி?"

"பெரிய மரத்தடிக் குழி."

"காலோ?"

"முன்கால் மடிஞ்சு கிடக்கு. எழும்புதில்லை."

பிறகு, "ஆளை அனுப்புறன். வீட்டை போய் நில்லும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எந்த ஆள் என்று சொல்லவில்லை. சொற்களைச் சேமிக்கிற மனிதர் சேமிக்கக்கூடாத இடத்தில் சேமித்துவிட்டார். நான் மிருகவைத்தியர் வருவார் என்று நினைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பனிக்குள்ளிருந்து வளைவில் மெல்ல ஒரு கார் மூக்கு தெரிந்தது. கூரையில் சுழல்விளக்கு.

என் தலைக்குள் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஒன்றில் இந்த நாட்டில் நான் கழித்த வருடங்கள் எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன. ரயில் நேரம், வரி, வணக்கம் சொல்லும் முறை. மற்றதில் ஒரே ஒரு சத்தம்தான், வாகனம் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம். அது கேட்டால் பின்வேலி பாய்ந்த பிறகுதான் வந்தது யார் என்று யோசிப்பது வழக்கம். அன்று முதல் அறையின் கதவு பூட்டிக்கொண்டது. பத்ரோன் வீட்டில் இல்லை. மதாம் இல்லை. வீட்டில் இருப்பது நானும் துவக்கும். ஆகவே துவக்கு என்னுடையது. என்னிடம் துவக்கு இருக்கக்கூடாது. இந்தக் கணக்கு அந்த நேரத்தில் எவ்வளவு அழகாகப் பொருந்தியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சமையலறைக்குள் ஓடினேன். இரண்டு வருடமாகக் கண்ணால்கூட நேராகப் பார்க்காத சாமானைக் கொளுக்கியிலிருந்து கழற்றினேன். மனைவி பாஸ்மதி அரிசிப் பைகளை எறியமாட்டாள், கழுவி மடித்து வைப்பாள். மேலே ஓடி இரண்டை எடுத்து வந்து, ஒன்றைக் குழல் பக்கத்தாலும் மற்றதை அடிப்பக்கத்தாலும் போட்டு, வைக்கோல் கட்டுகிற கயிற்றால் சுற்றிக் கட்டினேன். பிறகு எங்கள் ஊர்ச் சனம் இப்படியான நேரத்தில் என்ன செய்யுமோ அதைச் செய்தேன். கிணற்றைத் தேடினேன்.

அங்கே கிணறு கிடையாது. கல் குடிக்கிற ஊரில் கிணறு ஏது? கூரைத் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற நிலத்தடித் தொட்டிதான் உண்டு, கொட்டிலுக்குப் பின்னால், இரும்பு மூடி போட்டது. மூடியைத் தூக்கி, பொட்டலத்தைக் கயிற்றில் மெல்ல இறக்கினேன். மிகவும் பொறுப்பாக இறக்கினேன். கயிற்றின் ஒரு நுனி துவக்கில் கட்டியிருந்தது. மறுநுனியை எங்காவது கட்டவேண்டும் என்பது, அது என் கையைவிட்டு உள்ளே போனபோது ஞாபகம் வந்தது.

மூடியைப் போட்டுவிட்டு முன்பக்கம் வந்தேன். பொலிஸ்காரர் சமையலறைக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் மதாமின் பிஸ்கட் பேணி. அதற்குள்ளிருந்து விரல் நீளத்தைவிடப் பெரிய ஓர் இரும்புத் துண்டை எடுத்துக் காட்டினார்.

"இது துவக்கின்ர பூட்டு, இதைப் போடாட்டி அது வெடிக்காது. இது இஞ்ச இருக்கு" என்றார். "மிச்சத் துவக்கு எங்க?"

"எந்தத் துவக்கு?"

"பத்ரோன்ர துவக்கு."

"இந்த வீட்டில துவக்கு இல்லை, ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். நான் நேராக நின்றேன்.

"இல்லையோ?"

"இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை."

"போன மாசம் அதுக்குக் கீழ இருந்துதானே நான் ஆப்பிள் கேக் சாப்பிட்டனான்."

"அது குடையா இருக்கும், ஐயா."

பொலிஸ்காரர் வாசல் படியில் அமர்ந்தார். பிஸ்கட் பேணியை மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குப் பழக்கமான பாதையாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"இஞ்ச பாரும். பத்ரோன் எனக்குப் போன் எடுத்தவர். கால் முறிஞ்சிருந்தால் மாட்டை வேதனைப்பட விடாதை, என்ர துவக்கால முடிச்சுவிடு எண்டு சொன்னவர். மிருகவைத்தியர் மலைக்கு மற்றப் பக்கம் கன்று எடுக்கப் போயிட்டார், வரச் சுணங்கும். என்ர கைத்துவக்கால சுட்டால் ஒரு குண்டுக்கு நான் அரைநாள் இருந்து அறிக்கை எழுதோணும். அதுதான் கேக்கிறன். எங்க?"

நாகைச் சுடுவதற்கு என்று கேட்டதும் என் மற்ற அறையில் ஓடிய சத்தம் நின்றுபோயிற்று.

"தொட்டிக்குள்ள" என்றேன்.

"என்ன தொட்டி?"

"தண்ணித் தொட்டி."

அவர் எழுந்து கொட்டிலுக்குப் பின்னால் போனார். மூடியைத் தூக்கினார். குனிந்து பார்த்தார். பிறகு மூடியின் மேலேயே அமர்ந்து சிரித்தார். தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் பக்கத்தில் நின்று, அரிசிப் பையால் சுற்றித்தான் போட்டேன் என்று சொன்னேன். அது நிலைமையைத் திருத்தும் என்று நினைத்தேன். அவர் இன்னும் குனிந்து சிரித்தார்.

"சரி, வாரும்" என்றார் கடைசியில். "துவக்கில்லாமல் போய் மாட்டைப் பாப்பம்."

பனி கொஞ்சம் விலகியிருந்தது. குழியின் விளிம்பில் நின்று இருவரும் பார்த்தோம். மேலிருந்து பார்த்தால் அந்தக் கால் முறிந்த கால்தான். எந்தப் பசுவும் அப்படி மடித்து வைத்துக்கொண்டு படுக்காது. பொலிஸ்காரர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கை இடுப்பிலிருந்த தோலுறைக்குப் போயிற்று. அரைநாள் எழுதத் தயாராகிவிட்டார் போலிருந்தது.

"கீழ இறங்கிப் பாக்கிறன்" என்றேன்.

"உமக்கு மேல விழுந்தால்?"

"நான் மெல்லிசு. விழுந்தாலும் அதுக்கு நோகாது."

இறங்கினேன் என்று எழுத ஆசை. உண்மையில் வழுக்கிக்கொண்டு போய் அதன் வயிற்றில் முட்டி நின்றேன். அது தலையைத் திருப்பி, நீயுமா என்பது போலப் பார்த்தது. கழுத்தைத் தடவி, தமிழில் கதை சொல்லிக்கொண்டே காலைத் தொட்டுப் பார்த்தேன். சேற்றுக்குள் கையை விட்டேன். குளம்பு இரண்டு கற்களுக்கு நடுவே இறுகியிருந்தது. அதனால்தான் அது எழும்பாமல் கிடந்தது. எலும்பு நீளத்துக்குத் தடவினேன். ஒரு இடத்திலும் உடைவு தட்டுப்படவில்லை. தோல் மட்டும் உரிந்திருந்தது.

"முறியேல்லை" என்று கத்தினேன்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"வந்து பாருங்கோ."

அந்தக் கொழுத்த மனிதர் சீருடையோடு இறங்கி வந்தார். அவரும் இறங்கினார் என்று எழுதலாம், நான் இறங்கினதைப் போலவே. இருவரும் முழங்காலில் நின்று சேற்றை அள்ளினோம். கல்லை அசைக்க அவருடைய காரிலிருந்து சில்லு கழற்றும் கம்பி வந்தது. கல் ஒருபக்கம் சாய, குளம்பு வெளியே வந்தது. நாகு காலை ஒருமுறை நீட்டிப் பார்த்தது. நீட்டியது. மடக்கியது.

பொலிஸ்காரர் தொலைபேசியில் யாருக்கோ பேசினார். கொஞ்ச நேரத்தில் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் என்றால் வேறு யாருமில்லை, சீஸ் செய்கிற பாற்கட்டிக்காரர், தபால்காரர், பக்கத்துப் பண்ணைக்காரர். தலைக்கவசம் போட்டதால் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உழவு இயந்திரத்தின் முன்கையில் அகலமான பட்டிகளைக் கட்டி இறக்கினார்கள். பட்டியை வயிற்றுக்குக் கீழே போட அது எழும்பி நிற்கவேண்டும். எல்லோரும் சேர்ந்து அதற்குப் பிரெஞ்சில் உற்சாகம் கொடுத்தார்கள். அது கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது.

"எழும்பு மோளே" என்றேன் நான், காதுக்குப் பக்கத்தில்.

பின்கால் இரண்டும் ஊன்றியது. பிறகு முன்கால். நடுங்கிக்கொண்டு நின்றது. பாற்கட்டிக்காரர், "என்ன சொன்னவர்?" என்று தபால்காரரைக் கேட்டார். தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பட்டி இறுகி, இயந்திரம் முனகி, நாகு மெல்லக் குழியைவிட்டு மேலே போனது, நாலு காலும் தொங்க, வெட்கப்பட்ட முகத்தோடு. புல்லில் இறக்கினதும் பொலிஸ்காரர் அதன் பின்னால் நின்று, வாயை ஒருமாதிரி வைத்துக்கொண்டு, "எலும்பு மோலே, எலும்பு மோலே" என்றார். அது ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவர் தன்னால்தான் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

கீழே வரும்போது அவர் என்னோடு நடந்தார். "ஒண்டு சொல்லட்டே?" என்றார். "துவக்கு கொளுக்கியில இருந்திருந்தால், நான் அதோடதான் மேல போயிருப்பன். இறங்கிப் பாத்திருக்க மாட்டன்." சேற்றுச் சப்பாத்தைப் புல்லில் தேய்த்தார். "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். பிறகு ஊர் முழுக்கத் துவக்கைத் தொட்டிக்குள்ள போடும்" என்றார்.

துவக்கை எடுக்கவேண்டியிருந்தது. கோடை என்பதால் தொட்டியில் தண்ணீர் இடுப்பளவுதான். தீயணைப்புக்காரர்கள் ஏணி இறக்கினார்கள். யார் இறங்குவது என்று பேச்சு வந்தபோது எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள். உள்ளாடையோடு இறங்கினேன். இடுப்பளவு என்று சொன்னது அவர்களுடைய இடுப்பை. குளிரில் பல் அடிக்க, காலால் தடவிப் பொட்டலத்தைக் கண்டேன். அப்போதுதான் நினைவு வந்து கீழிருந்து கேட்டேன்.

"ஐயா, நான் துவக்கைத் தொடக்கூடாதெல்லே?"

மேலே பொலிஸ்காரரின் தலை வட்டமாகத் தெரிந்தது. யோசித்தார்.

"பையில என்ன எழுதியிருக்கு?"

"பாஸ்மதி."

"அப்ப அரிசியைக் கொண்டு ஏறும்" என்றார்.

பின்னேரம் மனைவி வேலையால் வந்தபோது, எங்கள் மேல்மாடிச் சமையலறை மேசையில் பழைய கடதாசி விரித்து, துவக்கு துண்டு துண்டாகக் கிடந்தது. பொலிஸ்காரர் என்னுடைய சேட் ஒன்றைப் போட முயன்று தோற்று, மனைவியின் போர்வையைச் சுற்றிக்கொண்டு துவக்குக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அவருடைய சீருடை அடுப்புக்கு மேலே காய்ந்தது. பக்கத்தில் காலையில் மிஞ்சிய புட்டும் சம்பலும். நான் மற்றப் போர்வைக்குள் இருந்தேன்.

அவள் கதவில் நின்றபடியே பார்த்தாள். "என்னப்பா, உங்களைப் பிடிச்சுக்கொண்டு போக வந்தவரோ, குடியிருக்க வந்தவரோ?" என்றாள்.

அவருக்குச் சம்பல் உறைத்துக் கண்ணீர் வந்துகொண்டிருந்தது. மனைவி முதலில் தண்ணீர் கொடுத்தாள், பிறகு நடந்ததைக் கேட்டாள். முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு பையும் நல்ல பை" என்றாள்.

மிச்சம் ஒன்று இருந்தது. பத்ரோனுக்குச் சொல்லவேண்டும். நாகு நிற்கிறது என்பதைப் பொலிஸ்காரர் ஏற்கனவே சொல்லிவிட்டார். மீதியை நீரே சொல்லும் என்று என்னிடம் தொலைபேசியைத் தந்தார். 'ஏதும் பிழைச்சால் நீ ஏத்து' என்று பத்ரோன் மச்சானுக்குச் சொன்னது எனக்குக் காதுக்குள் நின்றது. பிழைத்தது ஒன்றல்ல. வேலி சரிந்ததை நான் கவனிக்கவில்லை. நாகு விழுந்தது. துவக்குத் தண்ணீருக்குள் போனது. எல்லாவற்றையும் இருந்த பிரெஞ்சில் சொன்னேன். எந்த இடத்தில் என்ன சொல் போட்டேனோ தெரியாது.

"நாகு தின்னுதோ?" என்றார் பத்ரோன்.

"ஓம், தின்னுது."

"அசை போடுதோ?"

"போடுது."

"நான் வந்து பாக்கிறன்" என்று வைத்துவிட்டார். இதில் நல்லது எவ்வளவு, கெட்டது எவ்வளவு என்று நானும் மனைவியும் அவர் வரும்வரை பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். அவள் சாமான் கட்டப் பெட்டிகள் கேட்டு வைத்துவிட்டாள். வெறுமையாகத்தான் வைத்திருக்கிறேன் என்று எனக்குச் சொன்னாள்.

பத்ரோன் வந்த அன்று மச்சான்காரரும் வந்திருந்தார், மாடு ஏற்றுகிற வண்டியோடு. பத்ரோன் காரை விட்டு இறங்கி ஊன்றுகோல்களோடு வீட்டுக்குள் போகாமல் கொட்டிலுக்குத்தான் போனார். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். நாகு இனி நாகு இல்லை, முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. கன்று, வெள்ளை முகத்தோடு, காலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் நின்றது. பத்ரோன் தாயின் முன்காலைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார், மடிகளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒவ்வொரு மாடாகப் பார்த்து முடிக்க நெடுநேரம் எடுத்தது. மச்சான்காரர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"அத்தான், நீங்கள் தானே சொன்னீங்கள், ஏதும் பிழைச்சால் எண்டு" என்றார். "துவக்கைத் தண்ணிக்குள்ள போட்ட ஆள்."

"போட்டவர்" என்றார் பத்ரோன். "எடுத்தும் தந்தவர்."

"அடுத்த முறை உழவு இயந்திரத்தைப் போடுவார்."

"அது தொட்டிக்குள்ள போகாது."

மதாம்கூடப் பேசவில்லை, அது எனக்குப் பயத்தை இன்னும் கூட்டியது. பத்ரோன் ஊன்றுகோலை ஒரு கையில் மாற்றிக்கொண்டு கன்றின் நெற்றியைச் சொறிந்தார்.

"வண்டியைத் திருப்பு" என்றார் மச்சானிடம். "கோப்பி குடிச்சிட்டுத் திருப்பு. மாடு போகாது."

மனைவி கொட்டில் வாசலில் நின்றவள் மேலே போனாள். பெட்டிகளை மிதித்து மடிக்கிற சத்தம் கூரைப்பலகை வழியாகக் கேட்டது.

துவக்கைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வசனம். அதை இனிப் பூட்டி வைக்கிற அலுமாரியில் வைப்போம், சாவி மதாமிடம் இருக்கட்டும், இந்த வீட்டில் அது கையில் கிடைத்தால் ஆபத்தான ஆள் ஒருவர் இருக்கிறார் என்றார்.

அடுத்த நாள் குழியைச் சுற்றிப் புது வேலி போட்டோம். பத்ரோன் கதிரை ஒன்றை மேட்டில் வைக்கச்சொல்லி, அதிலிருந்து ஊன்றுகோலால் இடம் காட்டினார். பொலிஸ்காரர் லீவு போட்டுவிட்டு வந்து கட்டைகளைப் பிடித்தார். நான் சம்மட்டியால் அடித்தேன். அவர் ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடினார்.

"வளைஞ்சிருக்கு" என்றார் பத்ரோன்.

"மாடு வளைவைப் பாக்காது, பத்ரோன்."

"நான் பாப்பன். வருசம் வருசமா இதைத்தான் பாக்கப்போறன்" என்றார். பிறகு ஊன்றுகோலை என் பக்கம் திருப்பினார். "நீரும்தான்."

கட்டையைப் பிடுங்கி மறுபடி அடித்தேன்.